ஹவ்கில் மலைகளில் ஒரு நாள் வட்டநடை: எந்தப் பக்கம் ஏறுவது, எந்தப் பக்கம் இறங்குவது

உங்கள் கேள்வியில் மூன்று விருப்பங்களும் ஓர் ஐயமும் இருக்கின்றன. லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் வார இறுதிக் கூட்டத்தின் பின்னால் ஏறி அலுத்துவிட்டதால், மான்செஸ்டரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஆளரவம் குறைந்த இடம் வேண்டும்; கையூன்றி ஏறும் பாறைகள் இல்லாமல் புல் போர்த்த சிகரங்களாக இருக்க வேண்டும்; காரை நிறுத்திய இடத்துக்கே வேறு வழியாகத் திரும்ப வேண்டும். இவ்வளவு எளிய மலைக்கு வரைபடமும் திசைகாட்டியும் எதற்கு என்பது உங்கள் ஐயம். விருப்பங்களுக்கு என் பதில், வட இங்கிலாந்தின் ஹவ்கில் மலைகள். ஐயத்துக்கு என் பதில், பாறை மலையைவிடப் புல் மலைக்குத்தான் அவை அதிகம் தேவைப்படுகின்றன என்பது. பின்னதை விளக்காமல் முன்னதை மட்டும் சொல்லி அனுப்புவது முறையாகாது என்பதால் பதில் சற்று நீளும்.

ஹவ்கில் மலைத்தொகுதி மேற்கே லேக் டிஸ்ட்ரிக்டுக்கும் கிழக்கே யார்க்‌ஷயர் டேல்ஸின் சுண்ணாம்புப் பாறை நிலத்துக்கும் நடுவில் இருக்கிறது. அதன் தென் அடிவாரத்தில் செட்பர் என்னும் சிற்றூர், மேற்கே லூன் ஆறும் எம்6 நெடுஞ்சாலையும், கிழக்கே ராதி ஆறு. எம்6-இல் ஸ்காட்லாந்து நோக்கிப் போகிறவர்கள் 37-ஆம் சந்திப்பைத் தாண்டியதும் வலப்புறம் வழவழப்பாகத் திரண்டு நிற்கும் பச்சை மலைகளைப் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டுப் போய்க்கொண்டேயிருப்பார்கள் என்பதால்தான் அங்கே கூட்டம் இல்லை. அந்தச் சந்திப்பிலிருந்து செட்பர் சுமார் 8 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் ஆக்ஸன்ஹோம் நிலையத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். பேருந்துகள் குறைவு, ஆகையால் கார்தான் வசதி. மலைகளின் தென்பாதி 1954 முதலே யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருந்தது. வடபாதியின் பெரும்பகுதி 2016 ஆகஸ்ட் 1 அன்றுதான் சேர்க்கப்பட்டது.

இந்த மலைகள் ஏன் இப்படிப் புல்லாகவே இருக்கின்றன என்பதற்கு நிலவியலில் விடை இருக்கிறது. ராதி ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி டென்ட் பிளவு என்னும் பெரும் நிலப்பிளவு ஓடுகிறது. அதற்குக் கிழக்கே உள்ளது சுண்ணாம்புக்கல். படிப்படியாக உடைந்து செங்குத்து முகங்களையும் வெள்ளைப் பாறைத் தளங்களையும் காட்டும். மேற்கே ஹவ்கில் பக்கம் இருப்பவை 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான மணற்கல்லும் சேற்றுக்கல்லும். இவை ஏறத்தாழ ஒரே சீராகத் தேய்வதால், காட்லி பாறைச்சரிவு போன்ற ஓரிரு இடங்களைத் தவிர, விளிம்போ முனையோ வெளியே தெரிவதில்லை. எல்லாம் உருண்டு, மெல்லிய மண் மூடி, புல் பிடித்துவிட்டது. நடைக்குப் பொருட்படுத்த வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. சுற்றுவட்டார மலைகளில் கல்வேலிகள் பல இடங்களில் முகடு வரை ஏறிச் செல்கின்றன; பனிமூட்டத்தில் அவற்றைப் பிடித்துக்கொண்டே நடந்துவிடலாம். ஹவ்கில் முகடுகளோ பொது மேய்ச்சல் நிலம். கல்வேலிகள் அடிவாரத்துப் பண்ணைகளோடு நின்றுவிடுகின்றன. மேலே திறந்த புல்வெளி, காற்று, செம்மறி ஆடுகள், சில இடங்களில் காட்டுக்குதிரைபோல் திரியும் ஃபெல் இனக் குட்டைக் குதிரைகள், அவ்வளவுதான்.

இதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பாறை மலையில் பாதையை விட்டு விலகினால் மலையே உங்களைத் தடுத்து நிறுத்திச் சொல்லிவிடும். புல் மலை எதையும் சொல்லாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கால் வைக்க இதமான தரை, எந்தக் கிளைமுகட்டில் இறங்கினாலும் அழகான இறக்கம். தொகுதியின் மிக உயர்ந்த இடமான த காஃப் சிகரத்திலிருந்து (676 மீட்டர்) கிளைமுகடுகள் விரித்த கைவிரல்களாகப் பல திசைகளில் இறங்குகின்றன. வடக்கே இறங்குபவை பவுடர்டேல், லாங்டேல் பள்ளத்தாக்குகளுக்கும், மேற்கே இறங்குபவை லூன் ஆற்றுப் பக்கமும், தெற்கே செல்வது செட்பருக்கும் கொண்டு சேர்க்கும். மூடுபனியில் வடக்கு விரலைத் தெற்கு விரல் என்று எண்ணி இறங்கிவிட்டால் காயம் எதுவும் படாது, பயமும் தோன்றாது. சாலையை அடைந்த பிறகுதான் கார் 15 கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்பது தெரியும். திரும்ப ஏறுவதென்றால், ஏறக்குறைய முழு மலையையும் களைத்த கால்களோடு மறுபடி ஏற வேண்டும். ஆகவே புல் மலையில் வட்டநடையைத் திட்டமிடும்போது முதலில் முடிவுசெய்ய வேண்டியது ஏறும் வழி அன்று, உச்சியை விட்டு இறங்கும் வழி.

நான் பரிந்துரைக்கும் வட்டம் செட்பரில் தொடங்கி, ராதி ஆற்றின் மேற்குக் கரைப் பக்கமாக வடகிழக்கே போய், காட்லி ஸ்பவுட் அருவியை ஒட்டி ஏறி, த காஃப் சிகரத்தைத் தொட்டு, கால்டர்ஸ் (674 மீட்டர்), ஆரண்ட் ஹா (605), விண்டர் (473) ஆகிய சிகரங்கள் வழியாகத் தெற்கே ஊருக்குள் இறங்குவது. மொத்தம் சுமார் 16 கிலோமீட்டர். ஏற்றம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 800 மீட்டர். பலர் இதையே தலைகீழாக, விண்டரில் ஏறி அருவி வழியாக இறங்குகிறார்கள். கோடையில் நான் அருவிப் பக்கம் ஏறுவதையே விரும்புகிறேன். அருவியோரப் படிகள் ஈரமானவை, செங்குத்தானவை. அவற்றில் ஏறுவது மூச்சுக்குத்தான் சோதனை, இறங்குவதோ முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சோதனை. தவிர, அருவியின் தலையிலிருந்து சிகரம் வரையிலான தெளிவு குறைந்த பகுதியைக் காலையில், தெம்பு இருக்கும்போதே கடந்துவிடுகிறோம். அதன்பின் பாதை அகலமானது. வானம் திறந்திருந்தால் இறங்க வேண்டிய பள்ளத்தாக்கு கண்ணெதிரே தெரிந்துகொண்டிருக்கும்.

ஆனால் இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று வீசும். அது பலமாக இருக்கும் நாளில், முகடு நெடுக மழையையும் காற்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டு தெற்கே நடப்பதைவிட, விண்டரில் ஏறி, காற்று முதுகைத் தள்ள வடக்கே நடப்பது மேல். குளிர்காலத்திலும் தலைகீழ் வழியே நல்லது. டிசம்பர் கடைசியில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டு முகட்டின் மேல் பிடிப்பதைவிட, அருவிக்குக் கீழே ஆற்றோரப் பாதையில் பிடித்தால் தலைவிளக்கின் ஒளியில் வீடு வந்து சேரலாம். படிகளில் பனி உறைந்திருக்கும் நாளில் இரண்டு வழியுமே வேண்டாம்.

இனி வழியை விரிவாகச் சொல்கிறேன். செட்பரிலிருந்து ஆற்றோரப் பாதை பண்ணைகளை ஊடறுத்துச் செல்கிறது. அதிகம் சொல்ல எதுவும் இல்லாத பகுதி. வாயிற்கதவுகளைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், வழிக்குறிகளைத் தவறவிடக் கூடாது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கனமழைக்கு மறுநாள் பெருகியிருக்கும். கடப்பது சந்தேகமாகத் தோன்றினால் அங்கேயே திரும்புவது நல்லது, ஏனென்றால் மேலே போகப்போக நிலைமை இலகுவாகாது.

ஏறத்தாழ இரண்டு மணி நேர நடையில் பள்ளத்தாக்கு இடப்புறம் திறந்து, காட்லி பாறைச்சரிவும் அதன் வலக்கோடியில் அருவியும் தெரியும். இந்தத் தொகுதியின் உருண்ட பச்சைக்கு நடுவே, பனியாறு குடைந்துவிட்டுப் போன கறுத்த பாறைச் சுவர் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. காட்லி ஸ்பவுட் ஒரே வீச்சாக விழும் அருவி அன்று. பல கட்டங்களாக உடைந்து மொத்தம் 198 மீட்டர் இறங்குகிறது. நிலத்துக்கு மேல் விழும் அருவிகளில் இங்கிலாந்தில் மிக உயரமானது இதுதான் என்பார்கள். பாதை, ஏறுகிறவருக்கு அருவி இடக்கைப் பக்கம் இருக்கும்படி, கற்கள் பாவிய படிகளாக ஏறுகிறது. நடுநடுவே அருவியின் விளிம்புக்குப் பிரியும் சிறு தடங்கள் புகைப்படக்காரர்கள் மிதித்து உண்டாக்கியவை. ஈரப் புல்லும் கீழே பாறையும் சேரும் இடங்கள் அவை. அங்கே போய் எட்டிப் பார்க்க வேண்டாம். படியிலிருந்தே அருவி நன்றாகத் தெரிகிறது.

அருவியின் தலைக்கு மேல் சத்தம் சட்டென்று அடங்கி, நிலம் அகன்றுவிடும். ஓடையை ஒட்டி மேற்கே தொடர்ந்து ஏறினால், வடக்கே பவுடர்டேல் பள்ளத்தாக்கிலிருந்து வரும் குதிரைப் பாதையைச் சந்திப்பீர்கள். அதில் இடப்புறம் திரும்ப வேண்டும். இந்தத் திருப்பத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இது பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு குட்டை ஒன்றைக் கடந்ததும் சிகரம். உச்சி என்று சொல்லத்தக்க கூர்மை எதுவும் இல்லை. அகன்ற புல்வெளியின் நடுவில் நில அளவைத் தூண் ஒன்று நிற்கிறது. தூண் இல்லாவிட்டால் உச்சி எது என்று வாதிட்டுக்கொண்டிருக்கலாம். வானம் தெளிந்த நாளில் மேற்கே லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளின் வரிசை முழுதும் தெரியும். நீங்கள் தவிர்த்துவிட்டு வந்த கூட்டம் அந்த வரிசையின் மேல்தான் இருக்கும்.

மூடுபனி இருந்தால், இந்த நடை முழுவதிலும் கவனம் மிகத் தேவைப்படும் இடம் இந்தத் தூணடிதான். தூணிலிருந்து செட்பர் நோக்கிச் செல்லும் பாதை எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அதற்குச் சற்றும் குறையாத தெளிவோடு நீங்கள் வந்த பவுடர்டேல் பாதையும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு எழுந்தவர்கள், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம் என்பதை மறந்து, நம்பிக்கையோடு வந்த வழியிலேயே நடக்கத் தொடங்குவது நடக்கக்கூடியதே. குட்டை மறுபடி கண்ணில் பட்டால் நின்று திரும்புங்கள். பார்க்கவில்லையென்றால், முன்பு திரும்பிய இடத்தையும் தாண்டிப் பாதை வடக்கே பவுடர்டேலுக்குள் கொண்டுபோய்விடும்.

ஆகவே எழுந்ததும் வரைபடத்தையும் திசைகாட்டியையும் எடுங்கள். கால்டர்ஸ் சிகரம் தென்-தென்கிழக்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. பிரிட்டனில் இப்போது காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது என்பதால், பழைய கையேடுகள் சொல்லும் கூட்டல் கழித்தலைப் பற்றி இந்தத் தொலைவுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. திசையைக் குறித்து நடக்கத் தொடங்கியதும், நிலம் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். சரியான முகட்டில் நிலம் சிறிது தாழும், பிராம் ரிக் டாப் மேட்டின் பக்கமாக எழும், மறுபடி சற்றுத் தாழ்ந்து கால்டர்ஸுக்கு எழும். ஒவ்வொரு தாழ்வும் சில பத்து மீட்டர்தான். கால் மணி நேரத்துக்குள் இந்த ஏற்ற இறக்கம் காலுக்குத் தெரிய வேண்டும். பத்து நிமிடமாகத் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் வேறு முகட்டில் இருக்கிறீர்கள். பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தூணுக்குத் திரும்புங்கள். கண் எதையும் காட்டாத நேரத்தில் சரிவின் திசையும் அளவும்தான் நம்பகமான அடையாளம். வரைபடத்தின் சமவுயரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஆட்டுத் தடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரிவை வெட்டி ஏறத்தாழ ஒரே மட்டத்தில் ஓடும், ஓரடி அகலமுள்ள, மண் தெரியும் தடங்கள் ஹவ்கில் சரிவுகளில் ஏராளம். மனிதர் நடந்த தடம் போலவே இருக்கும். அவை ஆடுகளின் வசதிக்காக, நல்ல புல் இருக்கும் இடத்துக்கும் காற்று மறைவுக்கும் போகின்றன. நூறு மீட்டரில் இரண்டாகப் பிரிந்து, பிறகு புல்லில் கரைந்துவிடும். அவற்றைப் பின்தொடர்ந்தால் மெல்ல மெல்ல முகட்டிலிருந்து பக்கவாட்டில் இழுக்கப்படுவீர்கள்.

கால்டர்ஸில் இன்னொரு கவனம் வேண்டும். இங்கிருந்து பாதை தென்-தென்மேற்காகத் திரும்பி இறங்குகிறது. கிழக்குப் பக்கம் புல்வெளி தட்டையாக நீண்டு கிரேட் டம்மாக்ஸ் மேட்டுக்குப் போகிறது. அழைக்கிற மாதிரியான நிலம். ஆனால் அதன் ஓரம்தான் காலையில் கீழிருந்து பார்த்த காட்லி பாறைச்சரிவின் உச்சி விளிம்பு. தெளிந்த நாளில் அங்கே போய்ப் பள்ளத்தாக்கைப் பார்ப்பது தவறவிடக் கூடாத காட்சி. மூடுபனியில் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது.

கால்டர்ஸுக்குப் பின் ஆரண்ட் ஹா வரை சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். முதன்மைப் பாதை அந்தச் சிகரத்தைத் தொடாமல் கிழக்குச் சரிவில் ஒதுங்கிப் போகிறது. களைப்பாக இருந்தால் அப்படியே போய்விடலாம். கடைசிச் சிகரமான விண்டர் தாழ்வானதுதான் என்றாலும், நேர் கீழே செட்பரும் அதன் விளையாட்டு மைதானங்களும் தெரியும் அதன் உச்சியை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அங்கிருந்து ஊருக்கு நேரே இறங்கும் சரிவு வெளிநோக்கிப் புடைத்தது: மேலே சாதுவாகத் தொடங்கி, கீழே போகப்போகச் செங்குத்தாகும். நனைந்த குட்டைப் புல்லில் சறுக்கிவிட்டால் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. மழை பெய்த நாளில் நேர்வழியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் சுற்றி இறங்கும் தடத்தைப் பிடியுங்கள். குதிகாலை அழுத்தி, சிறு அடிகளாக வையுங்கள். கைத்தடி இருந்தால் இங்கேதான் பயன்படும். ஓட்டப்பந்தயக் காலணி போதுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அடிப்பகுதியின் பள்ளங்கள் ஆழமாக இருக்க வேண்டும், தேய்ந்திருக்கக் கூடாது என்பதுதான். கணுக்கால் மூடிய பூட்ஸா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

நேரக் கணக்குக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். இந்த வட்டத்துக்கு அது சுமார் நாலரை மணி நேரம் காட்டும். அது நிற்காமல் நடக்கும் பழகிய கால்களுக்கான கணக்கு. நால்வர் குழு, உணவு, புகைப்படம், ஆடை மாற்றுதல் எல்லாம் சேர்த்து ஆறரை முதல் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகம். அவரைக் கடைசியில் விட்டுவிட்டு முன்னால் போய்க் காத்திருப்பதும், அவர் வந்து சேர்ந்த கணமே கிளம்பிவிடுவதும் கூடாது, ஓய்வு அவருக்கு மட்டும் கிடைக்காமல் போகும். ஜூனில் இரவு 9.30 மணி வரையிலும் வெளிச்சம் இருப்பதால் பதற்றம் இல்லை. அக்டோபருக்குப் பின் புறப்படும் நேரத்தை ஒத்திப்போட இடமே இல்லை.

உயரம் குறைவு என்று குளிரை இலேசாக எண்ண வேண்டாம். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி என்ற கணக்கில் சிகரம் ஊரைவிட மூன்றரை டிகிரிதான் குளிராக இருக்கும்; ஆனால் ஒதுங்க ஒரு பாறைகூட இல்லாத முகட்டில் உடலின் சூட்டைக் கொண்டுபோவது காற்றும் ஈரமும்தான். வெயில் நாளிலும் மழைச்சட்டை, மழைக்காற்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, தொப்பி, கையுறை ஆகியவை பையில் இருக்கட்டும். பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. வரைபடம் என்றால் ஆர்டனன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவையிலான ஓஎல்19 தாள். கைபேசிச் செயலியில் அதே வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்வதும் நல்லதுதான், ஆனால் குளிரில் மின்கலம் வேகமாக வடியும் என்பதால் தாளும் பையில் இருக்க வேண்டும்.

நம் ஊர்களில் கேட்பதுபோல் வனத்துறை அனுமதி எதுவும் இங்கே தேவையில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வரைபடத்தில் திறந்த நிலமாகக் குறிக்கப்பட்ட மலைப்பகுதியில் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை உண்டு. அடிவாரப் பண்ணை நிலங்களில் மட்டும் பொதுவழியை விட்டு விலகக் கூடாது. நாயை அழைத்து வந்தால், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த நிலத்தில் அதிகபட்சம் 2 மீட்டர் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். கோடையில் தாழ்ந்த சரிவுகளைப் பெரணி மூடியிருக்கும். அதற்குள் உண்ணிகள் இருக்கலாம். அவற்றால் லைம் நோய் பரவக்கூடும் என்பதால், அந்த இடங்களில் முழுக்கால்சட்டை அணிந்து, மாலையில் முழங்காலின் பின்புறத்தையும் இடுப்பையும் சோதித்துப் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பிந்திய வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி விரியும் சிவந்த வளையம் தோன்றினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

விபத்து நேர்ந்தால் 999 அல்லது 112-ஐ அழைத்து முதலில் போலீஸையும், அவர்களிடம் மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள்; கட்டணம் இல்லை. பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். அதற்கு முன்கூட்டியே 999-க்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிவுசெய்திருக்க வேண்டும். விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும்.

முந்தைய நாள் மாலை மலைகளுக்கான தனி வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, மேகம் 500 மீட்டருக்குக் கீழே இறங்கும் என்று இருந்தால், உங்கள் குழுவின் முதல் வருகைக்கு முழு வட்டம் வேண்டாம். காட்லி பக்கத்துச் சாலையோரம் காரை நிறுத்தி அருவியின் அடிவரை போய்வருவது 4 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், மழைக்குப் பின் அருவியும் நிறைந்திருக்கும். அல்லது செட்பரிலிருந்து விண்டருக்கு மட்டும் ஏறி இறங்கலாம். மாறாக நாளும் தெளிந்து, உடலும் ஒத்துழைத்தால், அருவியின் வடக்கே எழும் யார்ல்சைட் (639 மீட்டர்) கண்ணை இழுக்கும். அதன் புல் சரிவு தொகுதியிலேயே மிகச் செங்குத்தானவற்றுள் ஒன்று. அதை இந்த வட்டத்தோடு சேர்க்காமல், காட்லியிலிருந்து தனி ஒரு நாளாக வைத்துக்கொள்வதே சரி.